மேல் என்று எழுதிய விளக்கு

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

போனில் கூப்பிடாதே என்று அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கவிழ்ந்த லாஞ்சைப் படம் எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். செத்தவர்களில் ஒருத்தி என் மனைவி என்று விசாரணை அதிகாரிக்குத் தெரியும். தண்ணீருக்கடியில் கேமரா பிடிக்க இந்தத் துறைமுகத்தில் வேறு ஆள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

லாஞ்ச் தலைகீழாகக் கிடக்கிறது. கூரை சேற்றில், அடிப்பாகம் மேலே. கேபினில் இருந்தவர்களை ஜன்னலை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். கதவுப் பக்கம் யாரும் போகவில்லை. போகவும் முடியாது. தளத்துக் கம்பி வேலி வளைந்து கதவுக்கு முன்னால் படுத்திருக்கிறது. கை நுழையாது. கம்பிகளுக்கு நடுவே லென்ஸ் பார்க்கும், அவ்வளவுதான்.

அதிகாரி கேட்பது ஒன்றே ஒன்று: கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததா, இல்லையா. கப்பல் போகும் வழியை லாஞ்ச் மறித்துக் கிடப்பதால் அடுத்த மாதம் அங்கேயே துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள். அதற்குள் ஒரு தெளிவான படம் வேண்டும்.

தண்ணீர் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. பிளாஷ் அடித்தால் சேறுதான் படத்தில் விழுகிறது, பனி கொட்டுவது போல. என்னிடம் இருக்கும் இரண்டு பிளாஷையும் அனுப்புகிறேன். ஏதாவது செய்து கொடுங்கள். எனக்காக இல்லை.


பிப்ரவரி 13

மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. பிரித்தேன். இரண்டு பிளாஷ் இருந்தன, ஒரு கடிதம் இருந்தது, ஒரு பிடி உப்பு இருந்தது. கடலில் இருந்து வந்த விளக்கை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அனுப்பு என்று எத்தனை வருஷமாகக் கத்துகிறேன்? நான் சொல்லி நீங்கள் எதைத்தான் கேட்டீர்கள். லீவு போட்டு நீங்கள் வந்து என் தங்கையைப் பாருங்கள் என்றேன். நீங்கள் அவளை லாஞ்ச் ஏறி வரச் சொன்னீர்கள். சரி, இதைப் பற்றி எழுத மாட்டேன் என்று என் பெண்டாட்டியிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மூன்றாவது வரியிலேயே சத்தியம் போச்சு. என் சத்தியத்தின் ஆயுள் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

விளக்குக்கு வருகிறேன். நீச்சல் தெரியாதவன், குளியலறையில் வாளிப் பக்கம்கூட ஜாக்கிரதையாக நிற்பவன், கடலுக்கடியில் எரியும் விளக்குக்கு வைத்தியம் பார்க்கிறேன். கேமரா ரிப்பேருக்குக் கடைக்கு வருகிற முங்கு ஆட்கள் எல்லோரும் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "நீங்க எவ்வளவு ஆழம் போவீங்கண்ணே?" என்று கேட்கிறார்கள். "நாற்காலியோட ஆழம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பெரிய விளக்குக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருக்கிறேன். வட்டக் குழாய். வெளிச்சம் அகலமாக, மெத்து மெத்தென்று விழும். முகத்துக்கும் மீனுக்கும் அழகு. ஆனால் ஒரு தடவை கத்திவிட்டால் அடுத்த கத்தலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நிறமும் கொஞ்சம் மஞ்சள். சின்ன விளக்கு சித்தி. நேர்க்குழாய், வெள்ளை வெளிச்சம், குறுகலானது. ஆள் பார்க்கச் சின்னது, ஆனால் எந்த இடத்தில் குத்த வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் குத்தும். அடுத்த குத்துக்கும் உடனே தயார். உங்கள் சேற்றுக்குச் சித்திதான் சரி.

உங்கள் பனி எங்கிருந்து வருகிறது தெரியுமா? விளக்கை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் லென்ஸுக்கும் கதவுக்கும் நடுவில் மிதக்கிற தூசி தும்பெல்லாம் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் படம் எடுக்கப் போனால் நடுவில் வந்து பல்லைக் காட்டும் சொந்தக்காரர்கள் மாதிரி. அவர்களைத் துரத்த ஒரே வழி, வெளிச்சத்தைத் தூரத்தில் பக்கவாட்டில் கொண்டுபோய் வைப்பது. ஒரு கை நீளத்துக்குத் தடி செய்திருக்கிறேன். தடியின் பாரம் தெரியாமல் இருக்கத் தெர்மோகோல் சுற்றியிருக்கிறேன், விளக்கு தானாக மேலே மிதந்து நிற்கும். சித்தியின் வாயில் ஒரு மூக்கு மாட்டியிருக்கிறேன். குழாய்க்காரரிடம் வாங்கின கூம்புக் குழாய்தான், உள்ளே கறுப்புப் பெயின்ட். வெளிச்சம் ஒரு தட்டு அளவு வட்டத்தில் மட்டும் விழும். காற்று உள்ளே சிக்கி நிற்காமல் இருக்க நாலு ஓட்டை போட்டேன். கடைக்குப் பின்னால் இருக்கிற டிரம்மில் மண்ணைக் கரைத்து, உள்ளே ஒரு கதவுக் கீலைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். கீல் தெரிகிறது. என் பெண்டாட்டி வந்து பார்த்து, "துணி அலச வச்சிருந்த தண்ணிங்க அது" என்றாள். இப்போதெல்லாம் வீட்டில் யாரும் யாரையும் முழுசாகத் திட்டுவதில்லை.

தடியில் பிடிக்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்டில் 'மேல்' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். வெளிச்சம் மேலிருந்து வந்தால்தான் எதுவும் அதுவாகத் தெரியும்.

அந்த லாஞ்சின் டிக்கெட்காரன், தளத்தில் நிற்பவர்களின் டிக்கெட்டைப் பார்த்து முடிக்கும்வரை கேபின் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பானாம். தப்பித்துக் கரை ஏறிவிட்டான், வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அந்தத் தாழ்ப்பாளை எனக்குக் காட்டுங்கள்.


பிப்ரவரி 20

மச்சானுக்கு,

பெரியப்பாவை முதலில் கொண்டுபோனேன். மூக்கு இல்லாமல், பிறகு மேலே வெள்ளை மூடி போட்டு. இரண்டிலும் பனிதான். மூடி போட்டால் பனி இன்னும் மென்மையாக விழுகிறது.

சித்தி வேலை செய்கிறது. மூக்கு எங்கே பார்க்கிறது என்று தெரியாமல் முதல் நாள் கம்பி வேலியைத்தான் எடுத்தேன். மறுநாள் ஒரு சின்ன டார்ச்சைத் தடியோடு சேர்த்துக் கட்டிக் குறி பார்த்துக்கொண்டேன். பிறகு சரியாக விழுந்தது. நீங்கள் எழுதியபடியே 'மேல்' மேலே இருக்கும்படி பிடித்தேன்.

படம் எடுக்கும்போது எனக்கு எதுவும் தெரியாது. இருட்டில் ஒரு வெட்டு வெளிச்சம், பிறகு மறுபடி இருட்டு. அந்தச் சின்னத் திரையில் திரும்பப் பார்க்கவும் இல்லை. பார்க்க முடியவில்லை. கார்டை அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் பார்த்து, பெரிதாக்கி, அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் ஜன்னல் வழியாக உள்ளே போகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருக்கிறார். நல்லதாகப் போயிற்று.


பிப்ரவரி 25

மாப்பிள்ளை,

கிடைத்துவிட்டது!

கார்டைப் போட்டேன். முதலில் எல்லாம் தலைகீழ். கதவெண் தலைகீழ், 'சாய்ந்து நிற்காதீர்' என்று எழுதியிருப்பதும் தலைகீழ். இதை இப்படியே கொடுத்தால் அதிகாரி தலைகீழாக நின்றா பார்ப்பார் என்று படத்தைத் திருப்பி நேராக்கினேன். வெளிச்சத்தை ஏற்றினேன். அச்சுப் போட்டேன். தாளில் பளிச்சென்று நிற்கிறது மாப்பிள்ளை, தாழ்ப்பாள். கதவில் இருந்து நிலைக்குள் நுழைந்து, விரல் தடிமனுக்கு, மேல் விளிம்பில் வெளிச்சமும் கீழ் விளிம்பில் நிழலுமாக. தொட்டால் கையில் தட்டும் போல. பக்கத்துத் தையற்காரரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தாழ்ப்பாள்தான். அடப்பாவி" என்றார். டீக்கடைக்காரர் பார்த்தார். என் பெண்டாட்டி பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விளக்குக்குப் பொறுப்பு யார் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார் அதிகாரி. பரீட்சையில்கூட அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை நான். சாயங்காலத்துக்குள் டிக்கெட்காரனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

ஊரே அவன் வீட்டு முன்னால். நானும் போனேன். எல்லோரும் கல் எடுத்தார்கள், நானும் ஒன்று எடுத்தேன். என் தோள்பட்டையின் வீரம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஓங்கி எறிந்தேன், எனக்கு முன்னால் நின்றவரின் செருப்பில் போய் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "அவன் வீட்டு மேல போடுங்க, என் மேல ஏன்யா போடுறீங்க?" என்றார். சிரித்துவிட்டேன் மாப்பிள்ளை. அவள் போன பிறகு முதல் தடவை. சிரித்துக்கொண்டே இன்னொரு கல் எடுத்தேன். அது ஜன்னலில் விழுந்தது.

அன்று எல்லோர் முன்னாலும் உங்கள் சட்டையைப் பிடித்தேனே, "ஊரார் பிணத்தையெல்லாம் தூக்குறே, உன் பெண்டாட்டியை விட்டுட்டியே" என்று. அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன், பழகிவிட்டது.


மார்ச் 4

மச்சானுக்கு,

டிக்கெட்காரரின் மனைவி நேற்று இங்கே வந்தார். நாங்கள் காற்று உருளை நிரப்பும் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. நெற்றியில் பிளாஸ்திரி. கல் பட்டதாம்.

"தாழ்ப்பாளே இல்லாத கதவுக்கு எப்படிங்க தாழ்ப்பாள் போட முடியும்?" என்று கேட்டார். "அது கழண்டு விழுந்து எவ்வளவோ நாளாச்சு. முதலாளிகிட்ட இவரு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டாரு."

சொந்தப் புருஷனுக்காக யாரும் எதுவும் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் கார்டில் இருந்ததன் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன். நான் எடுத்தபடியே, திருப்பாமல்.

மச்சான், அது தாழ்ப்பாள் இல்லை. பள்ளம். தாழ்ப்பாள் வருஷக்கணக்கில் ஓடி ஓடி மரத்தைத் தேய்த்த பள்ளம். அதன்மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி விளக்கு மேலே இருந்தது. கடலின் கணக்கில் மேலே. ஆனால் லாஞ்ச் தலைகீழாகக் கிடந்தது. நீங்கள் படத்தை நேராக்கியபோது கதவு நேரானது, வெளிச்சம் தலைகீழானது. கீழிருந்து அடித்த வெளிச்சமாகிவிட்டது. மனிதக் கண் வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருவதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால் பள்ளத்தை மேடு என்று படித்துவிட்டது.

குளியல் சோப்பு ஒன்றில் ஆணியால் கோடு கிழித்து, மேலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன்.

அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். "எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒவ்வொண்ணாத் தெரியுதுன்னா நான் எதை நம்புறது?" என்கிறார். நியாயம்தான். விளக்கைக் கீழே வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். அது தாழ்ப்பாள் கம்பியாக இருந்தால் நிழல் மரத்தில் விழும். இல்லாவிட்டால் விழாது. உங்கள் தடி தெர்மோகோலால் மேலே மேலே போகிறது, கீழே நிற்க மாட்டேன் என்கிறது. கீழே தொங்கி, தரையைத் தொடாமல், சேற்றைக் கிளப்பாமல் நிற்கும்படி வேறு தடி செய்து அனுப்புங்கள். இருபதாம் தேதி வெட்ட ஆரம்பிக்கிறார்கள்.


மார்ச் 8

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சோப்புக் கட்டியை வைத்து என் தங்கைக்கு நியாயம் பேசுகிறீர்கள். நன்றாக இருக்கிறது. அடுத்த கடிதத்தில் ஷாம்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இருபத்தெட்டு வருஷமாக நான் வெளிச்சத்தில் சோறு சாப்பிடுகிறேன். பள்ளம் எது மேடு எது என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாவிட்டாலும் தையற்காரருக்குத் தெரியாதா? அவர் ஊசியில் நூல் கோர்க்கிறவர்.

அவன் பெண்டாட்டி வந்து அழுதாளாம், இவர் உருகிவிட்டாராம். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான், அவள் அழுகிறாள். உன் பெண்டாட்டி செத்துப்போனாள், உன் கண்ணில் ஒரு சொட்டு வந்து நான் பார்க்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறவனுக்குத் தனியாகக் கண்ணீர் எதற்கு என்று விட்டுவிட்டாயோ?

அவள் பேச ஆரம்பித்தால் பஸ் கண்டக்டர்கூட விசில் ஊத மறந்துவிடுவார். வாயாடி என்று நான் வைத்த பெயர்தான் அவளுக்குப் பெயர். அந்த வாயை ஒருவன் கதவைச் சாத்தி மூடியிருக்கிறான். அவன் யார் என்று எனக்குத் தெரிந்தாகிவிட்டது. இப்போது வந்து, யாருமில்லை, சும்மா ஒரு கோடு என்கிறாய்.

தடி செய்ய ஈயம் இல்லை. நேரம் இல்லை. கடைக்கு லீவு.


மார்ச் 11

மச்சானுக்கு,

டிக்கெட்காரரின் வலது கையை உடைத்துவிட்டார்கள். லாக்கப்பில். கூட இருந்த கைதிகளா மற்றவர்களா தெரியவில்லை. அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப்போகிறார் என்று பேச்சு. எந்தக் கையால் போடுவார் என்று தெரியவில்லை.

தடி வராவிட்டால் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எடுப்பேன். சேறு கிளம்பிவிடும். ஆனாலும் எடுப்பேன்.

நான் அழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கும், ஒன்றும் தெரியாது. வெளியே வந்த பிறகு வருவதில்லை. அவ்வளவுதான்.


மார்ச் 15

மாப்பிள்ளை,

பெட்டியில் தடி இருக்கிறது. ஈயத்துக்கு என் பழைய தராசின் படிக்கற்களைக் கட்டியிருக்கிறேன். தெர்மோகோலைப் பாதி எடுத்துவிட்டேன். டிரம்மில் போட்டுப் பார்த்தேன், தரைக்கு ஒரு ஜாண் மேலே அசையாமல் தொங்குகிறது. மூக்கு கொஞ்சம் நீளம், வட்டம் இன்னும் சின்னது. பெரியப்பாவையும் அனுப்புகிறேன், தனித் தடியில். உங்கள் டார்ச் கட்டுவது நல்ல யோசனை. நானே அதற்கு ஒரு பிடி வைத்துவிட்டேன். 'மேல்' என்று எழுதியிருந்ததைச் சுரண்டிவிட்டேன். புதிதாக எதுவும் எழுதவில்லை.

இதைச் செய்தது நான். செய்யவைத்தது என் பெண்டாட்டி, உங்கள் அக்கா. உங்கள் கடிதங்களை நான் மறைத்துவைத்தால் அவள் படிக்க மாட்டாள் என்று நம்பிய மடையன் நான்தான். நேற்றுக் காலை சமையலறையில் இருந்து கூப்பிட்டாள். போனேன். துணி துவைக்கிற சோப்பில் ஆணியால் ஒரு கோடு. என் டார்ச். அவள் போன்.

"இது என்னது, பள்ளமா மேடா?" என்றாள்.

"பள்ளம்."

போனில் படம் எடுத்தாள். போனைத் தலைகீழாகத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்ப?"

நான் பார்த்தேன். சோப்பின்மேல் ஒரு குச்சி ஒட்டிவைத்தது போல நின்றது.

"சொல்லுங்க. இருபத்தெட்டு வருஷமா வெளிச்சத்துல சோறு சாப்பிடுறீங்களே, சொல்லுங்க."

"மேடு" என்றேன்.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி ஒரு மனுஷன் கையை உடைச்சிருக்காங்க." சோப்பை எடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விட்டாள். கோடு கரைகிற வரைக்கும் அவள் துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு ஆள் வேண்டும் மாப்பிள்ளை. அதுதான் விஷயம். முதலில் நீங்கள் இருந்தீர்கள். உங்களைத் திட்டினால் அவள் பெயரும் கூட வருகிறது, அது எனக்குத் தாங்கவில்லை. பிறகு அவன் கிடைத்தான். சும்மா ஒரு படத்தில் கிடைத்தான், கச்சிதமாக, முன்பின் தெரியாதவன். காலையில் எழுந்ததும் அவனைத் திட்டுவேன், பல் தேய்த்துக்கொண்டே. அன்றைக்கான வேலை முடிந்தது போல இருக்கும். அவனும் இல்லை என்றால் காலையில் எழுந்து என்ன செய்வது?

எடுங்கள். ஒருவேளை கம்பியாக இருந்துவிட்டால் சந்தோஷப்படுவேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.


மார்ச் 19

மச்சானுக்கு,

எடுத்துவிட்டேன். தடி நன்றாக நின்றது. சேறு கிளம்பவில்லை. சித்தியைக் கீழே வைத்து, பிறகு மேலே, பிறகு இடது பக்கம், வலது பக்கம். பெரியப்பாவைத் தூரத்தில் வைத்து முழுக் கதவையும் ஒரு படம். பெரியப்பா மூச்சு வாங்கி முடிக்கும்வரை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எந்தப் படத்திலும் மரத்தில் நிழல் விழவில்லை. பள்ளம்தான். தாழ்ப்பாள் இல்லை.

பெரியப்பா எடுத்த படத்தில் இன்னொன்று தெரிகிறது. அகலமான வெளிச்சம் இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். கீல்கள் கதவின் வெளிப்பக்கம் இல்லை. உள்பக்கம். அது உள்ளே திறக்கிற கதவு. லாஞ்ச் சாய்ந்ததும் எல்லோரும் கதவை நோக்கித்தான் ஓடியிருப்பார்கள். ஓடினவர்கள் தள்ளியிருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளியிருப்பார்கள்.

யாரும் பூட்டவில்லை மச்சான். இழுத்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும்.

நாளை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். எல்லாப் படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள்தான் கையெழுத்துப் போட்டவர். நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.


மார்ச் 27

மாப்பிள்ளை,

போனேன். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

சட்டைப்பையில் சோப்பு எடுத்துப் போயிருந்தேன். வெயிலில் இளகி, அதிகாரி முன்னால் எடுக்கப் போனபோது வழுக்கி அவர் மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது. தொப்பையோடு மண்டியிட்டுத் தேடினேன்.

"என்னய்யா அது?"

"சோப்புங்க."

"தெரியுது. எதுக்கு?"

"நான் செஞ்ச தப்பைக் காட்டுறதுக்குங்க."

காட்டினேன். பழைய படத்தை வாங்கி, நானே என் கையால் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். புதுப் படங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். நிறைய நேரம் பார்த்தார். அறையில் இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார், ஒருவர் படத்தைச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் அதிகாரி, "உங்க தங்கச்சிதானே உள்ளே இருந்தது?" என்றார். "ஆமாங்க." "அப்புறம் ஏன்யா வந்தீங்க?" அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தது. சோப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

டிக்கெட்காரரை முந்தாநாள் விட்டுவிட்டார்கள். இனி 'அவன்' என்று எழுத வராது.

இன்று கடைக்கு வந்தார். வாசலில் ஒருவர் நிற்பதைப் பார்த்து, கேமரா ரிப்பேர் என்று நினைத்து, "வாங்க வாங்க, என்ன உடைஞ்சுபோச்சு?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்கு வேறு வேளை கிடைக்கவில்லை. தோளில் இருந்து கட்டுத் தொங்குகிறது. நான் நினைத்திருந்ததைவிட வயசானவர். ஒல்லி. எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன், உட்காரவில்லை. தையற்காரர் தன் கடையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு மிஷினைச் சத்தமாக மிதிக்க ஆரம்பித்தார்.

மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கேட்கிற மாதிரியே இல்லை. மேஜைமேல் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெளியிலதாங்க நின்னேன்" என்றார். "கதவுக்கு இந்தப் பக்கம். சாயறப்போ கம்பியப் பிடிச்சுக்கிட்டேன். உள்ளேருந்து இடிக்கிறாங்க. நான் வெளியேருந்து தள்ளுறேன், உள்ளே திறக்கட்டும்னு. நகர மாட்டேங்குது. கத்துனேன். தள்ளாதீங்க, இழுங்க, இழுங்கன்னு. தண்ணி என்னைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் கத்துனேன்."

மேஜைமேல் இருந்த படத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் உங்கள் படத்தின்மேல், அந்தப் பள்ளத்தின் பக்கத்தில், இடது கை விரலை வைத்தார். "இவ்வளவு நல்லா எடுத்திருக்கீங்களே. நான் கத்துனது அவங்களுக்குக் கேட்டுச்சான்னு இதுல தெரியுமாங்க?"

அந்த விளக்கை நான்தான் செய்தேன். அதன் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். டீ சொன்னேன். குடிக்காமல் போய்விட்டார்.


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

டிக்கெட்காரர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. போன கடிதத்தில் எழுத வரவில்லை.

கதவின் வெளிப்பக்கத்தை எடுத்து முடித்த பிறகு உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே போனேன். போகக் கூடாது என்ற உத்தரவு எனக்கு ஞாபகம் இருந்தது. மறுநாள் அந்த அறை இருக்காது என்பதும் ஞாபகம் இருந்தது. சித்தியைக் கதவின் உள்பக்கத்தில் பக்கவாட்டில் வைத்து ஒரே ஒரு தடவை அடித்தேன். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பிரதியை அதிகாரிக்கும் அனுப்பிவிட்டேன். உத்தரவை மீறியதற்கு அவர் என்ன செய்தாலும் செய்யட்டும். அந்தக் கதவுக்கு அவ்வளவு சின்னத் திருகாணி யார் போட்டது என்று லாஞ்ச் முதலாளியிடம் கேட்கட்டும்.

உள்பக்கம் கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருக்கின்றன. ஓட்டைகளைச் சுற்றி மரம் உள்பக்கமாகப் பிய்ந்து, நார் நாராக எழும்பி நிற்கிறது. ஒவ்வொரு நாருக்கும் தனித்தனியாக நிழல் விழுந்திருக்கிறது. தள்ளினால் மரம் அப்படிப் பிய்யாது. கைப்பிடி எனக்குக் கீழே, கூரையில் கிடந்தது.

யாருடைய கை என்று எந்த விளக்கிலும் தெரியாது. நான் தேடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

டிக்கெட்காரர் வீட்டுக்கு நீங்களே போங்கள். படத்தைக் காட்டுங்கள். உள்ளே கேட்டது என்று சொல்லுங்கள். இழுத்தார்கள்.